பொட்டுக்கு முன்னால் இருபத்தெட்டு சென்டிமீட்டர்

அளப்பதுதான் என் பிழைப்பு. மண்ணூர்பேட்டையில் ஒரு சின்ன இன்ஜினியரிங் கம்பெனியில் இருபத்தாறு வருடமாகக் குவாலிட்டி பார்க்கிறேன். லேத்தில் கடைந்து வரும் ஷாஃப்ட்டையும் புஷ்ஷையும் மைக்ரோமீட்டரில் பிடித்துப் பார்த்து, ஒரு தலைமுடியின் தடிமனில் கால்வாசி கூடியிருந்தாலும் தூக்கித் தனியே போட்டுவிடுவேன். இந்த ஒரு விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. மற்ற விஷயங்களில் யார் வேண்டுமானாலும் ஏமாற்றலாம், ஏமாற்றியும் இருக்கிறார்கள். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல் ஒன்று எப்போதும் இருக்கும். கல்யாண வீட்டுப் பந்தியில் அப்பளத்தை அளந்து காட்டியவன் நான்.

சம்பளமில்லாத இன்னொரு வேலையும் எனக்கு உண்டு: நாலு பேர் கூடினால் சிரிக்க வைப்பது. ஆவடியில் ரயில் ஏறினால் பட்டரவாக்கத்தில் இறங்கும்வரை என் வாய் மூடாது. அந்த வாயால் வந்த வினையிலிருந்துதான் இதை ஆரம்பிக்க வேண்டும்.

என் மனைவி ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். மாமனார் திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்து பாதுகாப்புத் துறை ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். இவள் இயற்பியல் படித்து, பி.எட். முடித்து, ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடம் பாடம் நடத்தினாள். பெண் பிறந்ததும் வேலையை விட்டாள். பெண் வளர்ந்து கோயம்புத்தூரில் ஹாஸ்டலுக்குப் போனபோது மனைவிக்கு வயது நாற்பத்து நாலு. வீடு திடீரென்று பெரிதாகிவிட்டது என்றாள். நான் உடனே ஸ்கேலை எடுத்துக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. மறுநாளே பழைய புத்தகங்களைத் தூசி தட்டி எடுத்தாள்.

நாலு பள்ளிக்கூடத்துக்கு விண்ணப்பம் போட்டாள். ஒரே ஒரு இடத்தில் கூப்பிட்டார்கள். வேலைக்கு எடுப்பதற்கு முன் டெமோ கிளாஸ் எடுக்கச் சொல்வார்கள். நிஜப் பிள்ளைகள் முன்னால் பாடம், கடைசி பெஞ்சில் பிரின்சிபாலும் கரஸ்பாண்டென்ட்டும். போர்டில் தலைப்பை எழுதிவிட்டுத் திரும்பியிருக்கிறாள். நாற்பது முகம். குரல் வரவில்லை. இரண்டு நிமிடம் நின்றுவிட்டு, சாரி சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

இதை என்னிடம் மட்டும்தான் சொன்னாள். நான் அதைக் காட்டுப்பாக்கத்தில் ஒரு வளைகாப்பில், சாப்பாட்டுப் பந்தியில், முப்பது பேருக்குச் சொன்னேன்.

"எங்க வூட்டம்மா டெமோ கிளாஸ்ல இன்னா பண்ணாங்க தெரியுமா? ரெண்டு நிமிஷம் மௌன அஞ்சலி செலுத்திட்டு வந்துட்டாங்கோ."

நல்ல சிரிப்பு. புரை ஏறியவர்கள் இரண்டு பேர். அவளும்தான் சிரித்தாள். வீட்டுக்கு வந்து புத்தகங்களை ஒரு அட்டைப்பெட்டியில் கட்டி லாஃப்டில் ஏற்றினாள். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டவன் நான்தான்.

எட்டு மாதம் கழித்து அம்பத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. பழைய விண்ணப்பம் எங்கோ ஃபைலில் இருந்திருக்கிறது. நடுவில் ஒரு டீச்சர் நின்றுவிட்டாராம். திங்கட்கிழமை டெமோ. ஒன்பதாம் வகுப்பு, பாடம் இனெர்ஷியா என்கிற நிலைமம், அதில் ஒரு ஆக்டிவிட்டி கட்டாயம் இருக்க வேண்டும். லாஃப்டிலிருந்து பெட்டி இறங்கியது. இந்த முறையும் பேச்சு வராமல் நின்றுவிட்டால் இனி எந்த ஸ்கூல் வாசலையும் மிதிக்க மாட்டேன் என்று அவள் சொன்னாள். சத்தமாகச் சொல்லவில்லை. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள். அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் ஆக்டிவிட்டியைச் சொன்னாள்.

"ஓடுற ரயிலுக்குள்ள ஒரு ஆள் மேல எம்பிக் குதிக்கணும். குதிச்ச இடத்துலயே வந்து நிக்கணும். அதை வீடியோ எடுத்து ஸ்மார்ட் போர்டுல போட்டுக் காட்டிட்டா, ஆரம்பத்துல நான் பேச வேண்டியது பாதியாக் கொறஞ்சிடும்."

"குதிச்ச நேரத்துல வண்டி முன்னாடி பூடாதா?"

"ரயில் அறுபதுல போகுதுன்னா உள்ள இருக்கிற நம்மளும் அறுபதுலதான் போறோம். மேல எம்பினா அந்த அறுபது எங்க போயிடும்? நம்மகிட்டயேதான் இருக்கும். வண்டி பாட்டுக்குப் போகும், நம்மளும் அந்தரத்துல கூடவே போவோம். வேகம் மட்டும் மாறக்கூடாது."

"சரி. ஆள் யாரு?"

அவள் என்னையே பார்த்தாள். தொண்ணூற்றிரண்டு கிலோ. மாடிப்படி ஏறினாலே முழங்காலில் இரண்டு சத்தம் கேட்கும். ஆனால் வளைகாப்புக் கடன் ஒன்று பாக்கி இருந்தது. ஒத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆவடியில் ஏறினோம். கூட்டமில்லை. தினமும் போகிறவன் என்ற முறையில் இடத்தை நான்தான் தேர்ந்தெடுத்தேன். திருமுல்லைவாயலைத் தாண்டியதும் அம்பத்தூர்வரை கொஞ்சம் நீளமான ஓட்டம். நடுவில் ஒரு பகுதியில் வேகம் மாறாது, கையில் டீ வைத்திருந்தால் தளும்பாது. கண்ணை மூடிக்கொண்டே அந்த இடத்தைச் சொல்லுவேன்.

அடையாளத்துக்கு என்ன செய்வது என்று நான் யோசிப்பதற்குள், அவள் கைப்பையிலிருந்து ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்தாள். கைக்குட்டையால் தரையைத் துடைத்து, அரக்குக் கலரில் ஒன்றை ஒட்டினாள். என் வலது கால் கட்டைவிரல் அதன்மேல் இருக்க வேண்டும் என்று உத்தரவு.

எதிர் சீட்டில் காதில் மாட்டிய ஒயரோடு ஒரு ஐ.டி. பையன். வாசலோரம் கொய்யாக்கூடையோடு ஒரு பெண். அந்த லைனில் தினமும் வியாபாரம் செய்கிறவள், என்னை நன்றாகத் தெரியும்.

"இன்னா அண்ணாத்தே, ஞாயித்துக்கெயமகூட டூட்டியா?"

"டூட்டிதான். வூட்டு டூட்டி."

திருமுல்லைவாயல் தாண்டியது. டீ தளும்பாத இடம் வந்தது. அவள் போனைத் தூக்கிப் பிடித்தாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, பொட்டில் விரலை வைத்து, எம்பினேன். உயரம் பற்றிக் கேட்க வேண்டாம்; கீழே ஒரு நியூஸ்பேப்பரை மடித்துச் செருகலாம். தரையில் இறங்கியபோது பெட்டியே ஒருமுறை அதிர்ந்ததாகக் கொய்யாக்காரி பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறாள்.

பொட்டு எனக்குப் பின்னால் இருந்தது.

குனிந்து ஸ்கேலை இரண்டு முறை வைத்து அளந்தேன். இருபத்தெட்டு சென்டிமீட்டர். நான் வண்டி போகும் பக்கமாக முன்னால் வந்து விழுந்திருந்தேன்.

"மறுபடி," என்றாள்.

முப்பத்தொன்று. மூன்றாவது முறை இருபத்தாறு.

"அது எப்டி அண்ணாத்தே? வண்டி முன்னாடி போச்சின்னா நீ பின்னாடி இல்ல வுயணும்? நீ வண்டியவே முந்திகினு போற?" என்றாள் கொய்யாக்காரி.

ஐ.டி. பையன் காதிலிருந்த ஒயரைக் கழற்றினான். "ஏனுங்க சார், மேல ஃபேன் ஓடுதுங்க. அந்தக் காத்து தள்ளியிருக்குமுங்களோ?"

"தம்பி, என்னைத் தள்ற ஃபேன் இன்னும் எந்தக் கம்பெனியிலயும் செய்யல."

பையன் சிரித்தான், கொய்யாக்காரி சிரித்தாள். என் மனைவி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீரை ஆய்ந்தபோது இருந்த அதே முகம் வந்திருந்தது. நாளைக்கு இந்த நேரம் அவள் கிளாஸில் இருக்க வேண்டும்; புத்தகத்தில் ஒன்று இருக்கிறது, கணவன் வேறொன்றைக் குதித்துக் காட்டுகிறான்.

அம்பத்தூரில் இறங்கி எதிர் வண்டிக்கு நின்றோம். கொய்யாக்காரியும் கூடையோடு எங்கள் பின்னாலேயே வந்தாள்; நாளைக்கு நாற்பது பிள்ளைகள் முன்னால் பாடம் என்பதை நான் சொல்லிவிட்டதால் அவளுக்கு அன்று வியாபாரம் இரண்டாம்பட்சம். பிளாட்பாரத்திலேயே ஒரு தடவை குதிக்கச் சொன்னாள் மனைவி. குதித்தேன். நின்ற இடத்திலேயே இறங்கினேன். ஒரு விரல் அகலம்கூடப் பிசகவில்லை.

திரும்பும் வண்டியில் புதுப் பொட்டு. இரண்டு குதி. முப்பது, இருபத்தொன்பது. இப்போது வண்டி எதிர்த்திசையில் போகிறது, நானும் எதிர்த்திசையில் முன்னால் போய் விழுகிறேன்.

சும்மா இருக்க முடியாமல் தொழில் ஞானத்தை எடுத்துவிட்டேன்.

"பட்டறையில இந்த மாரி வந்தா நான் பீஸைத் தூக்கிப் போட மாட்டேன். ஒரு தடவ ஜாஸ்தி, ஒரு தடவ கொறச்சலா வந்தா பீஸு சரியில்ல. ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கமா, ஏறக்குறைய ஒரே அளவுல தப்பு வந்தா, பீஸு கரெக்டு. அளக்குற கருவியிலதான் கோளாறு."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் ஸ்கேலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஸ்கேலில் கோளாறு இல்லை. கருவி என்று நான் யாரைச் சொன்னேன் என்பது அப்போது எனக்கே தெரியாது.

ஆவடி வந்தது. வண்டி பிளாட்பாரத்தில் நுழைந்து மெதுவாகிக்கொண்டிருந்தது, இன்னும் நிற்கவில்லை. நான் என்ன நினைப்பில் இருந்தேனோ, வழக்கம்போல் வாசலுக்குப் போய், வண்டி போகும் பக்கம் முகத்தைத் திருப்பி, வலது காலை முன்னால் நீட்டி இறங்கி, கூடவே நாலடி ஓடி நின்றேன். செய்யக்கூடாத காரியம். பெண் பிறந்த வருடத்திலிருந்து செய்ய மாட்டேன் என்று சத்தியம் செய்துகொண்டிருக்கிறேன்.

வண்டி நின்றபின் அவள் நிதானமாக இறங்கி வந்தாள். பிளாட்பாரத்திலேயே திட்டு விழும் என்று காத்திருந்தேன். அவள் என் காலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, நீங்க குதிக்கவே இல்ல."

"பின்ன? அஞ்சு தடவ முட்டி கழண்டுச்சே, அது இன்னா?"

"நீங்க எறங்குறீங்க. இப்ப எறங்குனீங்களே, அதே மாதிரி. போகும்போதும் சரி, வரும்போதும் சரி, யாரும் சொல்லாமலே வண்டி போற பக்கம்தான் திரும்பி நின்னீங்க. கால் தரையை விட்டதும் முன்னாடி நீட்டுறீங்க. பிளாட்பாரத்துல குதிச்சப்ப நேராத்தானே வந்தீங்க? வண்டி ஓடுச்சுன்னா உங்க ஒடம்பு எறங்கத்தான் பாக்குது."

யோசித்துப் பார்த்தேன். ஓடும் வண்டியிலிருந்து இறங்கும்போது தரையில் பட்ட கால் நின்றுவிடும், மேல் உடம்பு வண்டியின் வேகத்திலேயே போகும். கூட ஓடவில்லை என்றால் மூக்கு உடையும். இது எனக்குப் பதினெட்டு வயதில், அம்பத்தூர் எஸ்டேட் போகும் பஸ்ஸில், மூக்கின் வழியாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு இத்தனை வருடம் பஸ்ஸிலும் ரயிலிலும் இறங்கி இறங்கி, என் காலுக்கு ஓடும் வண்டி என்றால் அந்த ஒரு குதிதான் தெரியும் போலிருக்கிறது. மைக்ரான் கணக்கில் குற்றம் கண்டுபிடிக்கிறவன் தன் காலில் இருந்த ஒரு அடிக் குற்றத்தைப் பார்க்கவில்லை.

"கருவியிலதான் கோளாறுன்னு நீங்கதானே சொன்னீங்க," என்றாள்.

"அப்ப வேற கருவி பாக்கணும். இந்த லைன்ல போறவன் எல்லாரும் என் ஜாதிதான், அத்தனை பேரும் எறங்கி எறங்கிப் பழகினவன். யாரைப் புடிக்கிறது?"

கொய்யாக்காரி கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். "யாரையாச்சும் இன்னாத்துக்குப் புடிக்கிற? தோ, அக்கா கீதே. அக்கா எத்தினி தபா வண்டியில வந்துகீது? வூட்லயே கெடந்துச்சின்னு நீதானே சொல்லிகினு திரிவ?"

நான் அப்படிச் சொல்லித் திரிந்தது என் மனைவிக்கு அப்போதுதான் தெரியவந்தது. ஒரு பார்வை பார்த்தாள். பிறகு புடவையைப் பார்த்தாள், பிளாட்பாரத்தில் இருந்தவர்களைப் பார்த்தாள்.

"எல்லாரும் பாப்பாங்க," என்றாள் மெதுவாக.

"நாளைக்கு நாப்பது பேரு பாக்கப் போறாங்கோ, இதுல நாலு பேரு பாத்தா இன்னா அக்கா," என்றாள் கொய்யாக்காரி. எனக்கு வாயில் ஒரு ஜோக் தயாராக இருந்தது. நல்ல ஜோக். விழுங்கிவிட்டேன். இன்றும் அது எங்கோ நெஞ்சுக்கூட்டில் சிக்கிக்கொண்டிருக்கிறது.

அடுத்த வண்டி. திருமுல்லைவாயல் தாண்டியது. இந்த முறை போன் என் கையில். அவள் மூன்றாவது பொட்டை ஒட்டினாள், முந்தானையை இழுத்துச் செருகினாள், விரலை வைத்தாள். பெட்டியில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். எல்லோரும் பார்க்க ஆரம்பித்தார்கள். அவள் அசையாமல் நின்றாள். டீ தளும்பாத இடம் வந்து ஓடிக்கொண்டிருந்தது. அது பாதி முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. சொன்னால் குரல் கேட்டுப் பொட்டை விட்டு விலகிவிடுவாளோ என்று பயம்.

குதித்தாள்.

என் குதியைப்போல் இல்லை அது. சத்தமே வரவில்லை. வளையல் மட்டும் ஒருமுறை குலுங்கியது. குனிந்து பார்த்தேன். பொட்டு தெரியவில்லை. அவள் விரலைத் தூக்கிய பிறகுதான் தெரிந்தது.

"அப்டியே கீது அக்கா," என்று கொய்யாக்காரி கூடையைத் தட்டினாள். ஒரு பெரியவர் பேப்பரை மடித்துவிட்டு, "இன்னொரு தபா போடும்மா, நான் சரியாப் பாக்கல" என்றார். அவள் இன்னும் இரண்டு முறை குதித்தாள். பிறகு அந்தப் பெரியவர் ஏன் அப்படி என்று கேட்க, வண்டிக்கு அறுபது, நமக்கும் அறுபது என்று அவருக்குச் சொன்னாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, பெட்டிச் சத்தத்துக்கு மேல், அம்பத்தூர் வரும்வரை சொன்னாள். அவளுக்கு இவ்வளவு பெரிய குரல் இருப்பது எனக்கு வீட்டில் தெரியும். வெளியில் கேட்டது அன்றுதான்.

வீடியோவில் பாதித் திரையை என் கட்டைவிரல் மறைத்திருந்தது. நல்லவேளை, பொட்டு இருந்த பாதி தப்பித்தது.

திங்கட்கிழமை நான் அரை நாள் லீவு போட்டுவிட்டு அந்தப் பள்ளிக்கூடத்துக்கு எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். மூன்று டீ. நாலாவது சொல்லும்போது அவள் கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள். நடையிலேயே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது. மீதியை டீக்கடையில் சொன்னாள்.

போர்டில் தலைப்பை எழுதிவிட்டுத் திரும்பினாளாம். குரல் மறுபடியும் வரவில்லையாம். கை பாட்டுக்கு வீடியோவைப் போட்டிருக்கிறது. அவசரத்தில் அவளுடைய வீடியோ இல்லை. முதலில் எடுத்த என்னுடையது. ஆளுயர ஸ்மார்ட் போர்டில், தொப்பை தனியாகவும் நான் தனியாகவும் குதித்திருக்கிறோம். கிளாஸே சிரித்திருக்கிறது. கடைசி பெஞ்சில் கரஸ்பாண்டென்ட்டும். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாயோடு, "இந்த அங்கிள் ஏன் முன்னாடி போய் விழுறார், யாராவது சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறாள். அதற்கப்புறம் குரல் நிற்கவில்லை.

"யாராச்சும் சொன்னாங்களா?"

"மூணாவது பெஞ்சுல ஒரு பொண்ணு. பாரிவாக்கத்துலேர்ந்து டெய்லி பஸ்ல வருதாம். 'மிஸ், அவரு ஜம்ப் பண்ணல, பஸ்ஸை விட்டு எறங்குறாரு'ன்னுச்சு."

"எவ்ளோ நேரத்துல?"

"அரை நிமிஷம்."

நாங்கள் இரண்டு பேரும், ஒரு கொய்யாக்காரியும், ஒரு ஐ.டி.யும் மூன்று ரயில் மாறிக் கண்டுபிடித்தது. டீயைக் குடித்தேன். காட்டுப்பாக்கத்தில் அவளை வைத்து முப்பது பேர் சிரித்தார்கள். இங்கே என்னை வைத்து நாற்பது பேர். கணக்கு நேரானது என்று சொல்ல மாட்டேன். அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் வர வேண்டியிருக்கிறது.

வேலை கிடைத்தது. அந்த வாரமே சேர்ந்தாள். இப்போது காலையில் இரண்டு பேரும் ஒரே வண்டியில் போகிறோம். அவள் அம்பத்தூரில் இறங்குவாள், ஸ்கூல் மணிக்குப் பயந்து வண்டி முழுசாக நிற்பதற்கு முன்பே; நான் பட்டரவாக்கம். பெட்டியில் என் ஜோக்குக்கு முன்புபோல் வரவேற்பில்லை. டீச்சரம்மா என்ன சொன்னாள் என்றுதான் கேட்கிறார்கள்.

போன மாதம் பெண் லீவுக்கு வந்திருந்தாள். பேர்போன அந்தக் குதியை நேரில் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம். ஞாயிற்றுக்கிழமை, அதே லைன், அதே இடம். மனைவி பொட்டை ஒட்டினாள். இப்போதெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்று அவள் பார்ப்பதில்லை. விரலை வைத்தாள், குதித்தாள்.

பொட்டு அவளுக்குப் பின்னால் இருந்தது.

மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நான் குனிந்து ஸ்கேலை வைத்தேன். ஒரு முறை வைத்தாலே போதுமாயிருந்தது.

"பதினாலு," என்றேன்.

"இருக்காது," என்று என் கையிலிருந்து ஸ்கேலைப் பிடுங்கினாள். தரையில் குந்தி உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றி, அவளே அளந்தாள்.

"பதினாலரை," என்றாள், கொஞ்சம் பெருமையாகத்தான்.